காலர் மைக் முரண்டு பிடித்தால்: வயரா, வயர்லெஸ்ஸா?

“வயர் மைக் நல்லதா, வயர்லெஸ் நல்லதா?” என்று, சட்டையில் குத்தும் காலர் மைக்கைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “இப்போது இருக்கும் மைக் என்ன தொல்லை கொடுக்கிறது?” அநேகமாக ஒரு தொல்லை இருக்கும். வயர் மைக்கில் உரசல் சத்தம் வருகிறதே என்று ஒருவர் வயர்லெஸ் வாங்கப் புறப்பட்டிருப்பார். வயர்லெஸ்ஸில் ஒலி அறுந்து அறுந்து வருகிறதே என்று இன்னொருவர் அதைவிட விலை கூடிய வயர்லெஸ்ஸைத் தேடிக்கொண்டிருப்பார். முதலாமவர் எதை வாங்கினாலும் உரசல் போகாது. இரண்டாமவருக்கு ஒரு சாதாரண வயர் மைக்கே போதுமானதாக இருக்கலாம்.

ஒருவர் நின்றோ உட்கார்ந்தோ பேசுவதைப் பதிவு செய்யும் வேலையில் எனக்குத் திரும்பத் திரும்ப வாய்த்த கோளாறுகளை அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் கோளாறு இருக்கும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசில்லாமல் தீரும் காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

## எதையும் கழற்றுவதற்கு முன்

கேமராவிலோ ரெக்கார்டரிலோ ஹெட்போனைச் செருகி, 30 நொடி பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள். ஒலி அளவு காட்டும் மீட்டர் ஆடுகிறது என்பதை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். வெறும் இரைச்சலுக்கும் அது ஆடும்.

பிறகு மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அடுத்து, கேமராவின் உடலை அதேபோலச் சுரண்டுங்கள். எந்தச் சுரண்டல் பலமாகக் கேட்கிறதோ அங்கிருக்கும் மைக்தான் வேலை செய்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாத ஒரு நாளில், இரண்டு மணி நேர உரை ஒன்றை முழுக்க முழுக்கக் கேமராவின் சொந்த மைக்கில் பதிவு செய்துவிட்டு வீடு திரும்பினேன். காலர் மைக்கின் பிளக் ஜாக்குக்குள் முழுதாக இறங்காமல் ஒரு நெல்மணி அளவு வெளியே நின்றிருந்தது. மீட்டர் என்னவோ கடைசி வரை அழகாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பல வயர்லெஸ் மைக்குகளிலும் வயர் உண்டு. மைக் தலையிலிருந்து, ஒலியைக் காற்றில் அனுப்பும் இடுப்புப் பெட்டியான டிரான்ஸ்மிட்டர் வரை ஒன்று. அதை வாங்கும் பெட்டியான ரிசீவரிலிருந்து கேமரா வரை ஒன்று. ‘வயர்லெஸ் பழுது’ என்று என்னிடம் வந்தவற்றில், காற்றில் நடந்த கோளாறுகளைவிட இந்த இரண்டு வயர்களில் நடந்தவையே அதிகம்.

## ஒலியே பதிவாகவில்லை

### எந்த வகை மைக்காக இருந்தாலும்

பிளக்கை முழுதாக அழுத்துங்கள். போனுக்குத் தடித்த உறை போட்டிருந்தால் கழற்றிவிட்டுச் செருகுங்கள். உறையின் விளிம்பு பிளக்கை இறங்கவிடாமல் தடுக்கும். கேமராவில் மைக் ஜாக்கும் ஹெட்போன் ஜாக்கும் ஒரே அளவில் இருக்கும். அவசரத்தில் மாறிப்போவது சகஜம். போன் என்றால், பதிவு செய்யும் செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறதா, அது வெளி மைக்கை எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு செயலியில் வராத ஒலி இன்னொன்றில் வந்தால் மைக்கின் மேல் குற்றமில்லை.

### வயர் மைக் என்றால்

பிளக்கில் இருக்கும் வளையக் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு கோடு இருந்தால் கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் ஆனது, பெயர் டிஆர்எஸ். மூன்று கோடு இருந்தால் போனுக்கானது, டிஆர்ஆர்எஸ். இரண்டும் 3.5 மி.மீ. தடிமன்தான், எதிலும் நுழையும், அதுதான் வினை. இரண்டு கோட்டு பிளக்கைப் போனில் செருகினால், ஏதோ ஹெட்போன் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். மூன்று கோட்டு பிளக்கைக் கேமராவில் செருகினால் ஒலி வராது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெலிதாக வரும். சிறிய மாற்று அடாப்டர் ஒன்று போதும். ஆனால் போனிலிருந்து கேமராவுக்கு மாற்றும் அடாப்டர் வேறு, கேமராவிலிருந்து போனுக்கு மாற்றுவது வேறு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். வாங்கியவுடன் அதன் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

3.5 மி.மீ. ஜாக்கே இல்லாத போன்களுக்கு வரும் யூஎஸ்பி-சி அடாப்டர்களில் சில, பாட்டுக் கேட்க மட்டுமே. மைக்கின் ஒலியை உள்ளே வாங்கும் அடாப்டர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வயரின் நடுவில் சிறு பெட்டி இருந்தால் அதற்குள் எல்ஆர்44 பட்டன் செல் இருக்கக்கூடும். செல் தீர்ந்திருக்கலாம், பெட்டியில் போன், கேமரா என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் அது தவறான பக்கம் நிற்கலாம். செல் இல்லாத மைக் என்றால் அதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பதிவுக் கருவிதான் தர வேண்டும். 2 முதல் 5 வோல்ட் வரை போதும். ரெக்கார்டரின் மெனுவில் ‘பிளக்-இன் பவர்’ என்று ஒரு வரி இருக்கும். அது அணைந்திருந்தால் மைக் ஊமைதான். பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பெரிய மிக்ஸரில், எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று ஊசி வாயில் செருகுகிறீர்கள் என்றால் வெறும் பிளக் மாற்றி உதவாது. மிக்ஸர் தரும் 48 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் மாற்றியைக் கேட்டு வாங்குங்கள்.

### வயர்லெஸ் என்றால்

இரண்டு பெட்டிகளிலும் விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிகிறதா? சிமிட்டினால் இணைப்பு விழவில்லை, மறுபடியும் இணையுங்கள். எரிந்தும் ஒலி இல்லை என்றால், பேச்சாளர் மைக்கைச் சரிசெய்யப்போய் ‘மியூட்’ பொத்தானை அழுத்தியிருக்கலாம். பல மாடல்களில் ஆன் செய்யும் பொத்தானைச் சற்றே தட்டினாலே மியூட் ஆகிவிடும். சில நூறு மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓடும் யூஎச்எஃப் வகை என்றால் இரண்டு பெட்டியிலும் ஒரே சேனல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ரிசீவரிலிருந்து வரும் குட்டை வயர். பெட்டியோடு போனுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என இரண்டு வந்திருக்கும். கோடுகளை எண்ணும் கதை இங்கேயும் அதேதான். யூஎஸ்பி-சி ரிசீவர் என்றால் சில போன்களில், வெளிக்கருவியை யூஎஸ்பி வழியே ஏற்கும் ‘ஓடிஜி’ என்ற அமைப்பை நாமே ஆன் செய்ய வேண்டும். சும்மா விட்டால் சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும் போன்களும் உண்டு.

### எப்போது பழுதுக்காரரிடம் போவது

வேறு மைக்கைச் செருகினாலும் கேமராவில் ஒலி வரவில்லை, அல்லது பிளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் வருகிறது என்றால், ஜாக் தளர்ந்துவிட்டது. இதைக் கேமரா பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். ஜாக் நேராகச் சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப்பட்டது. மைக்கின் பிளக் மட்டும் போயிருந்தால், ஆடியோ வயர் வேலை செய்பவர் பழையதை வெட்டிப் புதியதை வைத்துத் தருவார். மலிவான மைக்குக்கு அந்தச் செலவு தேவையில்லை; புதியதே வாங்கிவிடலாம்.

## ஒலி அறுந்து அறுந்து வருகிறது

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘கரக்… முரக்’ என்ற சத்தத்தோடு அறுகிறதா, கத்தரியால் வெட்டியதுபோலச் சுத்தமாக அறுகிறதா? முதலாவது அநேகமாக வயர். இரண்டாவது, டிஜிட்டல் வயர்லெஸ்ஸின் காற்றுவழி. பழைய அனலாக் யூஎச்எஃப் பெட்டிகள் சுத்தமாக வெட்டாது. ‘புஸ்ஸ்’ என்ற இரைச்சல் பாய்ந்து வரும்.

### சத்தத்தோடு அறுந்தால்

ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வயரை இரண்டு இடங்களில் மடக்கிப் பாருங்கள்: பிளக்குக்கு அடுத்த இரண்டு விரற்கடை, மைக் தலைக்கு அடுத்த இரண்டு விரற்கடை. வயர் உள்ளுக்குள் முறிவது பெரும்பாலும் இந்த இரு இடங்களில்தான். நீட்டிப்பு வயர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். இணைப்பு முனைகள் தரையில் இழுபடும்போது தளரும். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவர் என்றால் தரையில் கிடக்கும் வயரைப் பாருங்கள். சக்கரம் நாலைந்து முறை ஏறி இறங்கியிருக்கும்.

இடுப்பு டிரான்ஸ்மிட்டரின் மைக் வயர் முறிந்தால் அதே நிறுவனத்தின் மைக்கையே வாங்குங்கள். வேறு நிறுவனத்தின் திருகு பிளக் அழகாகப் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும், ஒலி வராது.

### சுத்தமாக அறுந்தால்

டிரான்ஸ்மிட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேச்சாளரின் பின்பக்கம் மாட்டி, ரிசீவர் முன்னால் கேமரா மேல் இருந்தால், நடுவே நிற்பது ஒரு மனித உடல். உடலில் பெரும்பகுதி தண்ணீர். பல வயர்லெஸ் மைக்குகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தண்ணீரைத் தாண்டுவது பெரும்பாடு. டிரான்ஸ்மிட்டரை முன்பக்கம் மாட்டினால் பாதி வேலை முடிந்தது. போன், சாவிக்கொத்தோடு ஒரே பையில் அதைத் திணிக்காதீர்கள். ஆன்டெனா வயர் தொங்கும் மாடல் என்றால் சுருட்டி வைக்கக் கூடாது. அது நேராகத் தொங்குவதற்கென்றே வெட்டப்பட்ட நீளம்.

ஒத்திகையில் ஒழுங்காக இருந்தது, நிகழ்ச்சியில் அறுந்தது என்று சொல்பவர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். பெட்டி மாறவில்லை, இடம் மாறவில்லை. மாறியது கூட்டம். காலி நாற்காலிகளுக்கு மேல் தடையின்றிப் போன அலை, இப்போது வரிசை வரிசையாக மனிதர்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் வைஃபையும் புளூடூத்தும் கொண்ட போன். அவையும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையில்தான் ஓடுகின்றன. ரிசீவரை உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே உயர்த்துங்கள். அல்லது ரிசீவரையும் ஒரு சிறு ரெக்கார்டரையும் மேடை ஓரத்திலேயே வைத்துவிட்டு, கேமராவை மட்டும் பின்னால் கொண்டுபோங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம், தடை ஏதுமில்லாத திறந்தவெளியில் அளந்தது. அதை மண்டபத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறிப்பிட்ட ஒரே இடத்தில் நிற்கும்போது மட்டும் அறுந்தால், சுவரிலும் இரும்பிலும் பட்டுத் திரும்பும் அலைகள் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.தான். ஆகவே ரிசீவரை ஒரு சாண் நகர்த்தினாலே தீர்ந்துவிடும்.

யூஎச்எஃப் என்றால், நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நிகழ்ச்சி நாளன்று, சேனலை மறுபடி தேடவிடுங்கள். பல செட்டுகள் ஓடினால் அலைவரிசை எண்களைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். 500, 501 மெகாஹெர்ட்ஸில் இரண்டு செட்டுகள் ஓடினால், அவை கலந்து 502இல் ஒரு கள்ள அலையை உண்டாக்கும். மூன்றாவது செட்டை 502இல் வைத்தவர் பாடு திண்டாட்டம். பெட்டியிலேயே தரப்பட்டிருக்கும் ஒரே குழுவின் சேனல்களை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. எந்த அலைவரிசையை மைக்குக்குப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு, காலத்துக்கும் மாறும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கு 2020 ஜூலையோடு மைக்குகளுக்கு மூடப்பட்டது. பழைய செட் மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் அதன் அலைவரிசையைப் பாருங்கள்.

நாலைந்து செட்டுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால் ஒலிப்பொறியாளரை அழையுங்கள். அலைவரிசை பிரிப்பது தனி வேலை; நிகழ்ச்சி தொடங்கிய பிறகு கற்றுக்கொள்ளக் கூடியது அல்ல.

### இந்த அறிகுறிக்கு மட்டும் மைக்கின் வகையை மாற்றலாம்

பேச்சாளரின் காலைக் கவனியுங்கள். அவர் உட்கார்ந்தோ, ஒரே இடத்தில் நின்றோ பேசுபவர் என்றால் வயர்லெஸ்ஸுக்கு வேலையே இல்லை. வயர் மைக்கும் 6 மீட்டர் வயரும் போதும். வயர் அறுந்தால் கையால் தடவிக் கண்டுபிடிக்கலாம். காற்றில் அறுந்ததை எங்கே தேடுவது?

நடப்பவர் என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதிகம் பேர் நினைத்துப் பார்ப்பதில்லை. வயர் மைக்கைப் பேச்சாளரின் சட்டைப் பையில் இருக்கும் சிறு ரெக்கார்டரிலோ ஒரு பழைய போனிலோ செருகிவிடுவது. காற்றுவழி இல்லை, தரையில் வயரும் இல்லை. தொடக்கத்தில் கேமரா முன் ஒரு கைதட்டு. பிறகு அந்தச் சத்தத்தை வைத்து ஒலியையும் படத்தையும் எடிட்டிங்கில் ஒட்டிக்கொள்ளலாம். குறை ஒன்றுதான்: பதிவு நின்றுபோனால் அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. போன் என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவை நிறுத்தும்.

அப்படி ஒட்ட நேரமில்லை, நேரலைதான் என்றால் வயர்லெஸ்தான் கதி. அப்போது டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும் மாடலை வாங்குங்கள். காற்றில் போனது உடலோடு இருக்கும்.

## உரசல், தட்டல், சரசரப்பு

வயரானாலும் வயர்லெஸ்ஸானாலும் இது ஒழியாது. இது துணியின் வேலை.

ஒருமுறை ஒரு பேச்சாளர் ‘ஆம், ஆம்’ என்று தலையசைக்கும்போதெல்லாம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். வயரை மாற்றினோம், மைக்கை மாற்றினோம், பேட்டரியை மாற்றினோம். கடைசியில் பார்த்தால், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் கொக்கி மைக்கில் இடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முதலில் கழுத்தைத்தான் பார்க்கிறேன்: அட்டை, சங்கிலி, டை, சால்வை, தோளில் புரளும் முடி.

அடுத்து, இடம். முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில். சட்டைக் காலரில் குத்தினால் தலை திரும்பும் பக்கத்தைப் பொறுத்துக் குரல் ஏறி இறங்கும். பெயரில் காலர் இருப்பதால் காலரில்தான் குத்த வேண்டும் என்பதில்லை.

அதற்கும் அடுத்து, வயரின் இழுப்பு. மைக்கின் வயரைச் சுண்டுவிரல் மோதிரம் அளவுக்கு ஒரு வளையமாகச் சுற்றி, அந்த வளையத்தைக் கிளிப்பின் வாயிலேயே துணியோடு சேர்த்துக் கவ்வவிடுங்கள். பேச்சாளர் அசையும்போது கீழேயிருந்து வரும் இழுப்பு வளையத்தோடு நின்றுவிடும். மைக் தலை வரை ஏறாது. இந்த வளையம் ஒன்றுக்காகவே பலமுறை பாராட்டு வாங்கியிருக்கிறேன். எனக்குச் செலவானது ஐந்து நொடி.

துணிக்குள் மறைக்க வேண்டும் என்றால், மருத்துவ ஒட்டுப்பட்டையைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி இரண்டு முக்கோணங்களாக மடித்து, நடுவில் மைக்கை வைத்து, ஒரு பக்கம் தோலிலும் மறுபக்கம் துணியிலும் ஒட்டுங்கள். மைக்கும் துணியும் சேர்ந்து அசைந்தால் சத்தம் இல்லை. தனித்தனியே அசைந்தால்தான் உரசல். பட்டும் பாலியெஸ்டரும் எவ்வளவு ஒட்டினாலும் சலசலக்கும். பருத்தி தேவலை, அதுவும் கஞ்சி போடாத பருத்தி.

சட்டையில் நேரடியாகக் குத்தும், மைக்கும் டிரான்ஸ்மிட்டரும் ஒன்றான சதுரப் பெட்டிகள் இப்போது எங்கும் இருக்கின்றன. மெல்லிய துணியில் அவற்றின் எடையே துணியைத் தொங்கவிடும். மைக் தரையைப் பார்க்கும். பெட்டியில் 3.5 மி.மீ. ஜாக் இருந்தால், ஒரு சிறு வயர் மைக்கை அதில் செருகி, பெட்டியை இடுப்புக்கு அனுப்பிவிடுங்கள். திறந்தவெளியில் ‘புடுபுடு’ என்று கேட்டால் அது காற்று. நுரை உறை போதாது, மயிர் உறை வேண்டும்.

## விடாத ரீங்காரம்

சார்ஜரைப் பிடுங்குங்கள். மடிக்கணினி, கேமரா, போன் எதுவாக இருந்தாலும் பேட்டரியில் ஓடவிட்டுக் கேளுங்கள். ரீங்காரம் நின்றால் அது கரண்ட் வழியே வந்த 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வு. பேட்டரியிலேயே பதிவை முடியுங்கள்.

நிற்கவில்லையா? மைக் வயர் கரண்ட் வயரோடு பக்கத்தில் நீளமாக ஓடுகிறதா என்று பாருங்கள். தள்ளிப் போடுங்கள், தாண்டியே ஆக வேண்டும் என்றால் குறுக்காகத் தாண்டவிடுங்கள். மைக் பிளக்கின் உலோகப் பகுதியைத் தொட்டால் ரீங்காரம் குறைகிறதா, கூடுகிறதா? அப்படியென்றால் வெளி இரைச்சலைத் தடுக்க வயருக்குள் சுற்றியிருக்கும் உறைக்கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இது பற்றவைப்பவரின் வேலை.

இரண்டு கருவிகளும் கரண்டில்தான் ஓட வேண்டும், அதாவது மண்டபத்தின் மிக்ஸரிலிருந்து உங்கள் கேமராவுக்கு வயர் வருகிறது என்றால், அந்த ஒலி வயரின் நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்; அது இரண்டு கருவிகளுக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும். ரீங்காரம் போக வேண்டும் என்று கரண்ட் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது உயிரோடு விளையாடுவது, வேண்டவே வேண்டாம். சுவர்ப் பிளக்கிலேயே எர்த் சரியில்லை என்று சந்தேகம் வந்தால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

‘டட்-டட்-டட்… ஜ்ஜ்ஜ்’ என்று இடையிடையே வருவது பக்கத்தில் இருக்கும் போன். 2ஜி முறையில் போன் நொடிக்குச் சுமார் 217 முறை துடித்துத் துடித்து அலையை அனுப்புவதால் வரும் சத்தம் அது. உறைக்கம்பி சரியில்லாத மலிவு வயரில் நன்றாகவே ஏறும். போனைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

## ‘உஸ்’ என்ற இரைச்சல்

கேமராவில் தானியங்கி ஒலி அளவு ஆன் ஆகியிருக்கும். பேச்சாளர் வாக்கியங்களுக்கு நடுவே மூச்சு விடும்போதெல்லாம் மின்விசிறிச் சத்தம் அலைபோல எழும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம். அணைத்துவிட்டுக் கையால் வையுங்கள்.

பல கேமராக்களின் உள் பெருக்கி சுமார்தான். அதிலே கெயினை, அதாவது பெருக்கும் அளவை, ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: ரிசீவரின் வெளியீட்டை உயர்த்தி, கேமராவின் கெயினை அடிமட்டத்துக்கு ஒரு படி மேலே மட்டும் வைக்கலாம். வயர் மைக்கில் அப்படிச் செய்ய முடியாது. கேமரா பெருக்கித்தான் ஆக வேண்டும். ஆக, வயர் மைக்கில் இரைச்சல் என்றால் மைக்கை மாற்றுவதைவிடத் தனியே ஒரு ரெக்கார்டர் வாங்குவதே சரியான செலவு.

டிரான்ஸ்மிட்டரில் ‘இரைச்சல் நீக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். இரைச்சலுக்குப் பயந்து அதை அழுத்தியபின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல இருந்தால், அணைத்துவிடுங்கள். எடிட்டிங்கில் இரைச்சலைக் குறைக்கலாம். அந்தப் பொத்தான் தின்றுவிட்ட குரலை மீட்க முடியாது.

## குரல் உயர்ந்தால் கரகரக்கிறது

பேச்சாளரை ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லச் சொல்லி அளவு வைத்திருப்பீர்கள். மைக் சோதனைக்கு எல்லோரும் பணிவாகத்தான் பேசுவார்கள். உரையின் உச்சத்தில் எப்படி முழங்குவார்களோ அப்படி இரண்டு வரி பேசச் சொல்லுங்கள். அதன் உச்சம் மீட்டரில் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கட்டும்; 0 தான் மேல்வரம்பு.

பதிவு ஏற்கெனவே கெட்டுவிட்டது என்றால், எங்கே கெட்டது என்பதை எடிட்டிங் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் தலை சீவியதுபோலத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை 0 டெசிபல் வரம்பில் இருந்தால், பதிவுக் கருவியின் கெயின் அதிகம். −9இல் இருந்தும் தட்டையாக இருக்கிறதா? அப்படியானால் கேமராவுக்கு வரும் முன்பே உடைந்துவிட்டது. டிரான்ஸ்மிட்டரின் அளவு அதிகம், அல்லது ரிசீவரின் வெளியீடு கேமராவின் மைக் வாய் தாங்கும் அளவுக்கு மேல். கேமராவில் எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு குறையாது, சத்தம்தான் குறையும்.

ரிசீவரில் பாதுகாப்புத் தடம் இருந்தால் எப்போதும் ஆன் செய்து வையுங்கள். அதே குரலை இன்னொரு தடத்தில் சில டெசிபல் தாழ்த்திப் பதிந்துகொள்ளும். மிக மெல்லியது முதல் மிக உரத்தது வரை பதியக்கூடிய 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் கெயின் பிழையைப் பெரும்பாலும் மன்னிக்கும். மைக் தலையே தாங்காமல் உடைந்த ஒலியை அவையும் மீட்காது.

## குரல் மந்தம், அல்லது குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல

மந்தம் என்றால் மைக்கின் வாயை ஏதோ அடைக்கிறது: இரண்டு மடிப்புத் துணி, ஒட்டுப்பட்டையின் ஓரம், வியர்வைத் துளி. வியர்வை என்றால் நன்றாக இருந்த குரல் திடீரென்று கம்பளி போர்த்திக்கொள்ளும். துடைத்து உலரவிட்டால் பெரும்பாலும் திரும்பும். திரும்பாவிட்டால் மைக் தலை போய்விட்டது. அதைப் பழுது பார்க்க முயல வேண்டாம்.

எதிரொலி என்றால் அறை. மைக்கை வாய்க்கு நெருக்கிப் பாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், அறையின் முழக்கம் அப்படியே இருக்கும். திரைச்சீலை, தரைவிரிப்பு, கண்ணாடிச் சுவரிலிருந்து விலகி நிற்பது எல்லாம் உதவும். புதிய மைக் உதவாது.

இரண்டு பேர் அருகருகே மைக் மாட்டியிருக்கும்போது மட்டும் குழாய்ச் சத்தம் வந்தால், ஒருவர் குரல் இருவர் மைக்கிலும் விழுகிறது. வாய்க்கும் தன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது அடுத்தவர் மைக் தள்ளி இருக்க வேண்டும்; எடிட்டிங்கில் பேசாதவரின் தடத்தைத் தாழ்த்திவிடுங்கள்.

## ஒரு காதில் மட்டும் கேட்கிறது. அல்லது போனில் மட்டும் கேட்கவில்லை

ஒரு காது விவகாரம் எளிது. மைக் மோனோ (ஒரே தடம்), கேமரா ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்). ரிசீவரில் மோனோ, ஸ்டீரியோ தேர்வு இருந்தால் மாற்றுங்கள். பதிந்துவிட்டது என்றால் ஒலி இருக்கும் தடத்தை மற்றதில் நகலெடுத்தால் முடிந்தது. பாதுகாப்புத் தடம் ஆன் ஆகியிருந்தாலும் ஒரு காதில் மெலிதாகத்தான் கேட்கும், அது பழுதல்ல.

இரண்டாவது கொஞ்சம் பயமுறுத்தும். ஹெட்போனில் இரு காதிலும் நன்றாகக் கேட்கும் குரல், போனின் ஒற்றை ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். எக்ஸ்எல்ஆர் வெளியீட்டைத் தவறான வயரில் ஸ்டீரியோ ஜாக்குக்குக் கொண்டுவந்தால் இப்படி ஆகும். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று தலைகீழான ஒரே ஒலி, சேர்ந்தால் பூஜ்யம். எடிட்டிங்கில் ஒரு தடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதை நகலெடுங்கள். வயரையும் தூக்கிப் போடுங்கள்.

## உதடும் குரலும் பொருந்தவில்லை

தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு பிந்துகிறது என்றால், புளூடூத் ஹெட்செட்டை மைக்காகப் பயன்படுத்துகிறீர்களா? வேண்டாம். தாமதம் ஒருபுறம், அழைப்புக்கான வழக்கமான புளூடூத் முறையில் குரல் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்துக்கு (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) சுருங்கி, தொலைபேசிக் குரலாகிவிடும். காணொளிக்கென்று வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குகளின் தாமதம் பொதுவாக ஒரு பிரேமுக்கும் குறைவு. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லி நொடி.

தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால், தனி ரெக்கார்டரின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் ஒன்றாக ஓடவில்லை. இரண்டிலும் மாதிரி வேகத்தை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. இரண்டையும் பொருத்தி ஒலியை இம்மியளவு நீட்டினாலோ சுருக்கினாலோ சரியாகிவிடும்.

## இத்தனையும் பார்த்தும் தீரவில்லை என்றால்

பழுதுக்காரரிடம் மைக்கை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், அடாப்டர், குட்டை வயர் எல்லாவற்றையும், முடிந்தால் கேமராவையும், அன்று செருகியிருந்த வரிசையிலேயே பையில் போட்டுக்கொள்ளுங்கள். கோளாறு கேட்கும் பதிவு ஒன்றைப் போனில் வைத்திருங்கள். அவர் மேசைமேல் வைத்தவுடன் உங்கள் மைக் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலை செய்யும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அவர் உங்களை நம்பமாட்டார்.